பழைய மாருதி 800: எந்தக் கோளாறை முதலில் பார்ப்பது?

நான் வாங்கிய மாருதி 800, 2005ஆம் ஆண்டு மாடல். விலை 52 ஆயிரம் ரூபாய். வாங்கிய மறு வாரமே சேலத்தில் ஒரு ஷெட்டில் விட்டேன். மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் பதினான்கு வேலைகளை எழுதிக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் 34 ஆயிரம். என் கையில் இருந்ததோ 9 ஆயிரம். எது காதுக்கும் கண்ணுக்கும் உறுத்தலாக இருந்ததோ அதில் அந்தப் பணத்தைப் போட்டேன்: சைலன்சர் ஓட்டை, கதவு கடகடப்பு, கிழிந்த சீட் கவர்.

மூன்று வாரம் கழித்து ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியபோது பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போனது. பின் சீட்டில் அம்மாவும் மகளும். இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். மெக்கானிக் கொடுத்த சீட்டில் "பிரேக் ஆயில் மாற்ற வேண்டும்" என்பது எட்டாவது வரி. அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து பழைய வண்டி வாங்கும் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சத்தம் போடுகிற கோளாறு பெரும்பாலும் காத்திருக்கும். சத்தமே போடாமல் இருப்பதைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். வண்டி நிற்பது, திரும்புவது, தரையைப் பிடிப்பது ஆகிய மூன்றும் முதல் வரிசை. தீப்பிடிக்கக் கூடியது அதோடு சேர்த்தி. அடுத்தது இன்ஜினையே காலி செய்யக் கூடியது. அப்புறம்தான் வழியில் நிற்க வைப்பது. மற்றதெல்லாம் பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கீழே சொல்வது மாருதி 800-ஐ வைத்துச் சொல்வது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். 25 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் இன்றும் எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். ஆல்டோ, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு காலை நேரம்

இரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் அல்லது கியர் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என ஒரு நிறத்தோடு தண்ணீர் போல இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் முந்தின நாள் ஏசி ஓடியதன் மிச்சம், கவலை வேண்டாம். சக்கரத்தின் உட்பக்கத்துக்கு நேர் கீழே மெல்லிய, வழுவழுப்பான ஈரம் என்றால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அப்படியே பானெட்டைத் திறந்து ஆயில் அளவு குச்சி, கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா மூன்றையும் பார்த்து, அளவையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எது குறைந்திருக்கிறது என்பது, மெக்கானிக் சொல்வதை விட உறுதியான சாட்சி.

பிரேக் பெடல் எப்படிப் போகிறது?

இதை நான் நீட்டித்தான் சொல்வேன். பெடல் எப்படிப் போகிறது என்று உங்கள் காலே சொல்லும்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்து கெட்டியாகிறதா? பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின் சக்கர பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். ஷூவை அட்ஜஸ்ட் செய்து, காற்றை வெளியேற்றினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

சிக்னலில் நிற்கும்போது காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தும் பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? வெளியே எங்கும் ஒழுக்கு இல்லையென்றால், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். இன்றே பார்க்க வேண்டியது. ரப்பரை மட்டும் மாற்றும் கிட் கிடைக்கும். ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் துருக் கோடு விழுந்திருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். அப்போது முழு சிலிண்டரையே மாற்றுங்கள்.

சமவெளியில் நன்றாக இருந்து, மலை இறக்கத்தில் மட்டும் பஞ்சு மாதிரி ஆகிறதா? எனக்கு நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது உண்டாகும் சூட்டில் அது கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். எண்ணெயை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். பெடல் உள்ளே போவதற்குக் காரணம் அதுதான். ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வதால் அது மட்டும் அன்று எனக்குக் கை கொடுத்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள். டாட் 3 என்று டப்பா மூடியில் எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள், சீல் உடையாத புது டப்பாவாக. ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை என்று எந்த மலை ஏறினாலும் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். கொல்லிமலையில் எழுபது வளைவு. அத்தனையையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

பெடல் கல் மாதிரி இறுகி, பலமாக மிதித்தால்தான் பிடிக்கிறதா? பூஸ்டர் (உங்கள் மிதிக்குக் கூடுதல் பலம் தரும் பாகம்) உள்ள வண்டியென்றால் ஒரு எளிய சோதனை. இன்ஜினை அணைத்து நாலைந்து முறை பெடலை அடியுங்கள். கெட்டியானதும் காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் முதலில் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூஸ்டரை விட அது எவ்வளவோ மலிவு.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி முன் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க கேலிப்பர், அதாவது பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகம், இறுகிக்கிடக்கிறது. இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேட் முழுதும் தீர்ந்து டிஸ்கைத் தின்றுகொண்டிருக்கிறது. பிரேக் விஷயத்தில் சத்தம் போடும் அவசரம் இது ஒன்றுதான்.

ஸ்டீயரிங் ஆடுகிறது, இழுக்கிறது, டக்கென்கிறது

மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் குறைகிறதா? வீல் பேலன்சிங். காத்திருக்கலாம். ஆனால் அதே சாக்கில் டயரின் உட்பக்கச் சுவரையும் பாருங்கள், வீக்கம் இருந்தால் காத்திருக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் தேய்மானம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே வெளிப்பக்கம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அதற்கு முன் அது கொடுக்கும் அறிகுறி, பள்ளத்தில் இறங்கும்போது ஒரு சின்ன "டக்" மட்டும்தான். அதனால் ஷாக் அப்சார்பர், மவுண்டிங் என்று மெக்கானிக் எது சொன்னாலும் முதலில் பால் ஜாயிண்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

முழுதாக ஒடித்துத் திருப்பும்போது கடகடவென்று தொடர்ந்து அடிக்கிறது என்றால் அச்சின் சிவி ஜாயிண்ட். சில வாரம் ஓடும். ஆனால் சத்தம் வருவதற்கு முன்னால், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். அந்த நிலையில் பிடித்தால் பூட் செலவோடு போகும்.

டயர் பற்றி ஒன்றே ஒன்று. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) எவ்வளவு இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வீட்டில் நிறுத்தியே வைத்திருந்த பழைய 800-களில் பட்டன் புதிதாக இருக்கும், ரப்பரோ வெயிலில் காய்ந்து கோடு கோடாக வெடித்திருக்கும். மே மாத நெடுஞ்சாலையில் அப்படிப்பட்ட டயர்தான் வெடிக்கும். பட்டன் இடையே உள்ள மேடு, தேய்மானக் குறி, 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் மழையில் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பெட்ரோல் வாடை

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால் மூடி வாஷரோ, நிரப்பும் குழாயின் ரப்பரோ. தினமும் வந்தால், அதுவும் பானெட் பக்கம் வந்தால், ஓட்டாதீர்கள். இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது ஆண்டுக்கு முந்தைய ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லாவற்றையும் கிளிப்போடு மாற்றிவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள வண்டியில், இந்த பெட்ரோல் அழுத்தத்தோடு பாயும் என்பதால் கார்புரேட்டர் வண்டிக்குரிய சாதாரண ஹோஸைப் போடக் கூடாது.

சூடு முள் ஏறுகிறது

பழைய 800-களைக் கொல்வது இதுதான். எங்கே ஏறுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

டிராபிக்கில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், முள் பாதியைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சூட்டு சுவிட்ச், கடைசியில் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். நேர்மாறாக, டவுனில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது வாட்டர் பம்பு தேய்ந்துவிட்டது. முள் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை.

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது போகட்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்து முகமும் கையும் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகச் சீறும். ஆறிய பிறகும் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இன்ஜினின் மேல் பாகமான அலுமினிய ஹெட் சூட்டில் வளையும், திடீர்க் குளிர்ச்சியில் வெடிக்கும்.

செலவை மலிவிலிருந்து தொடங்குங்கள்: மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச், அப்புறம் ரேடியேட்டர் சுத்தம், அப்புறம் பம்பு. நம் ஊரில் "வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் சூடே ஏறாது" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிவது வழக்கம். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இன்ஜின் சேர வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். உண்மையான அடைப்பு எங்கே என்பதும் மறைந்துபோகும். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதும் அதே போலத்தான். அந்த உப்புதான் ரேடியேட்டரை அடைக்கிறது. கூலன்ட் ஊற்றுங்கள்.

வெளியே ஒழுக்கே இல்லாமல் கூலன்ட் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்துப்போய் ஒட்டியிருக்கிறது என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அதோடு ஓட்டினால் ஆயிலில் தண்ணீர் கலந்து அடி இன்ஜினும் போகும். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து வளைவு இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே மூடச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்குகள்

ஆயில் விளக்கு ஓடும்போது ஒரு நொடி எரிந்தாலும் உடனே இன்ஜினை அணையுங்கள். "பக்கத்தில்தான் ஷெட், போய்விடலாம்" என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் வேலை வந்துவிடும். பேட்டரி விளக்கு எரிந்தால் அவ்வளவு பயமில்லை, பகலில் கொஞ்ச தூரம் போகலாம். ஆனால் கூடவே சூடு முள்ளும் ஏறினால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும். பல வண்டிகளில் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள்.

அறிகுறியே இல்லாதது

டைமிங் பெல்ட். இன்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பெல்ட். இது எந்தச் சத்தமும் போடாது, எந்த விளக்கும் எரியாது. ஒரு நாள் அறுந்து வண்டி நடுரோட்டில் நிற்கும். விற்றவர் "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

புகை

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல், அதோடு வருஷக்கணக்கில் ஓட்டலாம், ஆயில் அளவை மட்டும் வாராவாரம் பாருங்கள். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. 50 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு உடனே இன்ஜின் பிரிக்க வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை

"டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் முதலில் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்குங்கள். நிறுத்தி வைத்த பேட்டரியில் 12.6 வோல்ட் அளவும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால், எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சாவியைத் திருப்பியதும் பின் சீட் பக்கம் இரண்டு நொடி "உய்ங்" என்று பம்பு சத்தம் கேட்கிறதா பாருங்கள். கேட்கவில்லையென்றால் ரிலேயும் பம்பும்.

கிளட்ச்

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் தீர்ந்தது. இதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இழைகள் பிரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கூட்டத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தால் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டும்.

காத்திருக்கட்டும்

கதவு கடகடப்பு, சைலன்சர் ஓட்டை (புகை உள்ளே வராத வரை), ஏசி, பெயின்ட், டேஷ்போர்டு விரிசல், இன்ஜின் மவுண்டிங் அதிர்வு. கண்ணாடி, விளக்கு, கைப்பிடி போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்கலாம், தவறே இல்லை. பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் மூன்றையும் அங்கே வாங்காதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் நாலு பாகம் மாற்றினால் எது கோளாறு என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது.

பணம் போடும் முன் குனிந்து பாருங்கள்

இவ்வளவும் செய்வதற்கு முன்னால், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்குக் கீழே, ஷெட்டில் தூக்கி நிறுத்திய நிலையில் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் படி, ஓட்டுநர் கால் வைக்கும் தரை, லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் கிண்ணம். கடலோர ஊர் வண்டி என்றால் இன்னும் கவனமாக. குத்தினால் தரையில் ஓட்டை விழுகிறது என்றால் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். போல்ட் ஏறும் இடமும் கிண்ணமும் உதிர்ந்தால் பால் ஜாயிண்ட் புதிதாகப் போட்டும் பலனில்லை, அதைப் பிடித்திருக்க இரும்பு இல்லை.

ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும், அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000-க்கு ஏறியது. பசுமை வரியும், இன்சூரன்சும், புகைச் சான்றும் தனி. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) வண்டியைக் காட்டும்போது பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு இவற்றைத்தான் பார்ப்பார்கள். அதாவது மேலே சொன்ன முதல் வரிசை வேலைகளை எப்படியும் செய்தாக வேண்டும், எஃப்.சி. தேதிக்கு இரண்டு மாதம் முன்பே செய்துவிட்டால் அந்தச் செலவு இரண்டு முறை ஆகாது.

என் வண்டியில் கிண்ணமும் போல்ட் இடமும் நன்றாக இருந்தன. ஏற்காட்டிலிருந்து இறங்கிய மறுநாள் பிரேக் ஆயில், பின் வீல் சிலிண்டர் இரண்டு, முன் பேட். அடுத்த மாதம் இரண்டு டயர், இடது பால் ஜாயிண்ட். அதற்கடுத்த மாதம் டைமிங் பெல்ட், ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள். அந்தச் சீட்டில் இன்னும் ஐந்து வரி பாக்கி இருக்கிறது. ஏசி அதில் ஒன்று.